தெற்குக்கென்று இயற்றிய சட்டம்

தாய்லாந்தின் தலைநகராகிய பாங்காக்கில் 2010ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் நிகழ்ந்தவற்றை உலகப் பத்திரிகைகள் பெரும்பாலும் ஒரே சொல்லில் முடித்து வைத்தன: மோதல். அரசை எதிர்த்துத் திரண்டவர்களுக்கும் படையினருக்கும் மோதல். தொண்ணூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் காயமுற்றனர். இந்தச் சொல்லின் மீது நமக்கு ஒரு வழக்கு உண்டு. யார் கையில் என்ன இருந்தது, யார் யாரை நோக்கிக் குறிவைத்தார் என்று கேட்கும் கடமையிலிருந்து அது நம்மை விடுவித்து விடுகிறது. கொன்றவனையும் கொல்லப்பட்டவனையும் ஒரே பாயில் அமர வைத்து, இருவருக்கும் ஒரே குவளையில் தேநீர் தருகிறது.

நடந்ததைச் சொல்வோம். 2006 செப்டம்பரில் இராணுவம் பிரதமர் தக்சின் ஷினவத்ராவைப் பதவியிலிருந்து இறக்கியது. பின்னர் தேர்தலில் வென்று வந்த அவருடைய ஆதரவாளர்களின் ஆட்சியும் நீடிக்கவில்லை. 2008 டிசம்பரில் நீதிமன்றம் ஆளுங்கட்சியைக் கலைத்தது. பொதுத்தேர்தல் எதுவும் நடவாமலே, நாடாளுமன்ற வாக்கெடுப்பினால் அபிசிட் வெஜ்ஜாஜீவா பிரதமரானார். அவ்வாட்சியை எதிர்த்து எழுந்தவர்களே செஞ்சட்டையினர். வடக்கிலும் வடகிழக்கிலும் நெல் விளைவித்தவர்கள், பாங்காக்கில் டாக்சி ஓட்டியவர்கள், கூலி வேலை செய்தவர்கள் அவர்களில் மிகுதி. நாடாளுமன்றத்தைக் கலைத்துத் தேர்தல் நடத்துக என்பதே 2010 மார்ச்சில் தலைநகரில் வந்து குந்தியவர்களின் முதற் கோரிக்கை.

ஏப்ரல் 7ஆம் நாள் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 10ஆம் நாள் பழைய நகரின் ராட்சதம்னேன் சாலைப் பகுதியிலிருந்து கூட்டத்தைக் கலைக்கப் படை முனைந்தது. அன்றிரவு துப்பாக்கிகளும் எறிகுண்டுகளும் வெடித்தன. இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் ஒரு கர்னல் உட்பட ஐந்து படைவீரர்களும் ஜப்பானிய ஒளிப்பதிவாளர் ஒருவரும் அடங்குவர். கறுப்புடை தரித்த ஆயுததாரிகள் சிலர் ஆர்ப்பாட்டக்காரர் பக்கத்திலிருந்து சுட்டனர் என்பதை உண்மை கண்டறியும் ஆணையமும் பதிவு செய்தது. இதை நாம் மறைக்கப் போவதில்லை. அந்த ஐந்து வீரர்களுக்கும் தாய்மார்கள் உண்டு.

ஆனால் அந்த ஓர் இரவைக் காட்டி அடுத்து வந்த நாள்களனைத்தையும் நியாயப்படுத்த முயல்வோரை நாம் விடுவதற்கில்லை. மே 13இல், செஞ்சட்டையினர் பக்கம் நின்ற மேஜர் ஜெனரல் கத்தியா, வெளிநாட்டுச் செய்தியாளரோடு பேசிக்கொண்டிருக்கையிலேயே தலையில் சுடப்பட்டார். நான்கு நாளில் இறந்தார். சாலையொன்றில் 'உண்மைக் குண்டு சுடும் பகுதி' என்று படையினர் அறிவிப்பே கட்டித் தொங்கவிட்டனர். மே 19இல் ராட்சபிரசோங் சந்தியை நோக்கி நகர்ந்த கவச வண்டிகள், மூங்கிலாலும் டயர்களாலும் எழுப்பிய அரண்களை உடைத்தன. தலைவர்கள் சரணடைந்தனர். பெரிய வணிக வளாகமொன்று தீப்பற்றி எரிந்தது. வீடு திரும்ப வழியற்ற மக்கள் அருகிலிருந்த வாட் பதும் வனாராம் என்னும் பௌத்த மடத்தில் அடைக்கலம் புகுந்தனர். பத்மம், வனம், ஆராமம் என்று நம் செவிக்கும் பழகிய சொற்களால் ஆன பெயர் அது. அங்கே ஆயுதம் கூடாது, அடைக்கலம் உண்டு என்று முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தது.

அந்த மடத்தில் ஆறு பேர் சுடப்பட்டு மாண்டனர். காயமுற்றோருக்குக் கட்டுப் போட்டுக் கொண்டிருந்த தொண்டுத் தாதிப் பெண்ணொருத்தியும் அவர்களில் ஒருத்தி. 2013 ஆகஸ்டில் பாங்காக் நீதிமன்றம் மரண விசாரணையை முடித்துச் சொன்னது: மேம்பால இரயில் தடத்தில் நின்ற படையினர் பக்கமிருந்தே குண்டுகள் வந்தன, இறந்தவர் கைகளில் துப்பாக்கி சுட்ட தடயம் எதுவும் இல்லை. மேலிருந்து சுட்டவன் ஒருவன், கீழே கட்டுத்துணியோடு குனிந்திருந்தவள் ஒருத்தி. இவ்விருவருக்கும் இடையே நடந்ததற்கு மோதல் என்று பெயரிட எவருக்கு நாக்கு எழும்?

மே 23ஆம் நாள் நகரமே திரண்டு துடைப்பமும் வாளியும் ஏந்தித் தெருக்களைக் கழுவியது. பெருந்துப்புரவு நாள் என்று அதற்குப் பெயர். சுத்தத்தில் நமக்குப் பகையில்லை. ஆயினும் ஒரு கொலை நடந்த வீட்டில், விசாரிப்பவர் வருமுன் தரையைக் கழுவினால் அண்டை அயலார் என்ன சொல்வர்?

இப்போது நம் வாசகர்கள் சிலர் நம்மை நோக்கிக் கேட்கக்கூடும்: பௌத்த நாட்டுக் கட்சிச் சண்டைக்கு நம் இதழில் ஏன் இத்தனை பக்கம்? இதற்கு விடை, ஏப்ரல் 7இல் அபிசிட் கையிலெடுத்த சட்டத்தில் இருக்கிறது.

அது 2005 ஜூலையில் தக்சின் அரசு பிறப்பித்த அவசரநிலை ஆணை. எவருக்காகப் பிறப்பிக்கப்பட்டது? நம் முன்னோர் சயாம் என்றழைத்த அந்நாட்டின் தென்கோடியில், மலேசிய எல்லையை ஒட்டி, மலாய் மொழி பேசும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாய் வாழும் பத்தானி, யாலா, நராத்திவாட் மாகாணங்களுக்காக. அதன் பதினேழாம் பிரிவு, நல்லெண்ணத்தோடு கடமையாற்றியதாகக் கொள்ளப்படும் அதிகாரிமீது சிவில் வழக்கும் கிரிமினல் வழக்கும் ஒழுங்கு நடவடிக்கையும் வாராது காக்கிறது. சுட்டவனின் உள்ளத்தில் நல்லெண்ணம் இருந்ததா என்பதை யார் அளந்து பார்ப்பது? மூன்று மாதத்திற்கொருமுறை நீட்டி நீட்டித் தென்மாகாணங்களில் அது ஆண்டுக்கணக்கில் உயிர் வாழ்ந்தது.

அவ்வாணைக்கு ஒன்பது மாதங்களுக்கு முன், 2004 அக்டோபர் 25, ரமலான் மாதம். நராத்திவாட்டின் தாக் பாய் காவல் நிலையத்தின் முன், தடுத்து வைக்கப்பட்ட ஊர்க்காவல் தொண்டர் ஆறு பேரை விடுவிக்கக் கோரி மக்கள் கூடினர். ஏழு பேர் அங்கேயே சுடப்பட்டு இறந்தனர். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்களைச் சட்டை கழற்றி, கைகளைப் பின்னே கட்டி, லாரிகளில் ஒருவர் மேலொருவராய் அடுக்கி, பல மணி நேரம் ஓட்டிப் பத்தானி இராணுவ முகாமுக்குக் கொண்டு சென்றனர். இறக்கும்போது 78 பேர் மூச்சுத் திணறி இறந்திருந்தனர். நோன்பினால் உடல் தளர்ந்திருந்ததை இம்மரணங்களுக்குக் காரணமாய்ச் சொன்னார் பிரதமர் தக்சின். ஆறு மாதக் குழந்தையை நசுக்கிவிட்டு அது பால் குடியாதிருந்தது என்று குற்றம் சாட்டுவதற்கும் இதற்கும் வேற்றுமை நமக்குத் தெரியவில்லை.

அதற்கடுத்த பிப்ரவரியில் தேர்தல். தெற்கு எல்லை மாகாணங்கள் மூன்றிலும் தக்சின் கட்சிக்கு ஓர் இடமும் கிட்டவில்லை. நாட்டின் ஏனைய பகுதி அவருக்கு வரலாறு காணாத வெற்றியை வாரி வழங்கியது. தாக் பாய், வடகிழக்கின் நெல்வயல்களில் வாக்குச் சீட்டை அசைக்கவே இல்லை. ஐந்தாண்டு கழிந்தது. அதே ஆணை, அதே பதினேழாம் பிரிவு, அதே நல்லெண்ணம், அந்த நெல்வயல்களிலிருந்து வந்தவர்கள் மீதே பாங்காக்கின் நடுத்தெருவில் பாய்ந்தது.

இதைக் கேட்டதும் நம்மவருள் சிலருக்கு உள்ளூர ஒரு திருப்தி எழலாம். 'தக்சினின் ஆட்கள்தானே, செய்த வினைக்கு இறைவன் கூலி கொடுத்தான்' என்று திண்ணையில் அமர்ந்து தீர்ப்புக் கூறலாம். இத்தீர்ப்பை நாம் கடுமையாக மறுக்கிறோம். கட்டுத்துணி ஏந்திய அந்தப் பெண் தாக் பாயில் எவரை அடுக்கினாள்? ஒருவர் சுமையை மற்றவர் சுமப்பதில்லை என்று ஓதி வளர்ந்தவர்கள் நாம். தாக் பாய்க்குக் கண்ணீர் விட்டு ராட்சபிரசோங்கைக் கடந்து போவோமானால், ராட்சபிரசோங்கில் இறந்தவர்களுக்கு மாலையிட்டுத் தாக் பாயைக் கடந்து போனவர்களைக் குறை கூற நமக்கு என்ன யோக்கியதை?

செஞ்சட்டையினரின் தலைவர்கள் தம் இறந்தோருக்கு என்ன செய்தனர் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2011இல் தக்சினின் தங்கை யிங்லக் பிரதமரானார். கொல்லப்பட்டோர் குடும்பங்களுக்கு எழுபது இலட்சம் பாத்துக்கு மேல் இழப்பீடு வழங்கப்பட்டது. தாக் பாய்க் குடும்பங்களும் பெற்றன. நம் மார்க்கச் சட்டத்திலும் 'தியத்' உண்டு. ஆனால் அங்கே பொதுவாகக் கொன்றவன் இன்னானென்று முதலில் தெரிய வேண்டும். ஏற்பதும் மறுப்பதும் வாரிசின் விருப்பம். பெயர் சொல்லாத கொலைக்குக் கருவூலத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் பணத்தை எந்தப் பெயரால் அழைப்பது? 2013 நவம்பர் முதல் நாள், விடியுமுன், கீழவை ஒரு மன்னிப்பு மசோதாவை நிறைவேற்றியது. தக்சின் நாடு திரும்ப அது வழி திறந்தது. 2010இல் ஆணையிட்டவர்களையும் அதே வாசலால் வெளியே விட்டது. செஞ்சட்டையினரில் ஒரு சாராரே அதை எதிர்த்தனர். மேலவை நிராகரித்ததால் அது வீழ்ந்தது. 1976 மாணவர் படுகொலைக்குப் பின்னும், 1992 மே மாதத் துப்பாக்கிச் சூட்டுக்குப் பின்னும் மன்னிப்புகள் வந்தே இருந்தன; ஜெனரல் சுச்சிந்தா 1992இல் பதவி விலகுமுன் அவசரமாய்ச் செய்த காரியமே அதுதான்.

அந்த மசோதாவை எதிர்த்துத் தெருவில் இறங்கிய பெருங்கூட்டத்திற்குத் தலைமை தாங்கியவர் சுதேப் தாக்சுபன்! 2010இல் துணைப் பிரதமராயிருந்து அடக்குமுறைக்குப் பொறுப்பேற்றிருந்த அதே மனிதர். 2014 ஜனவரியில் அவருடைய ஆட்கள் ராட்சபிரசோங் உட்படத் தலைநகரின் சந்திகளை அடைத்து அமர்ந்தனர். இம்முறை கவச வண்டி எதுவும் அவர்கள் மீது நகரவில்லை. மே மாதத்தில் படை வந்தது, ஆட்சியை எடுத்துக்கொண்டது. அதே சந்தி, அதே படை, அமர்ந்தவர் மட்டும் வேறு.

அபிசிட், சுதேப் இருவர் மீதும் தொடுத்த கொலை வழக்கைத் தன் அதிகாரத்திற்கு உட்பட்டதன்று என்று 2014இல் குற்றவியல் நீதிமன்றம் தள்ளியது. 2017இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2024இல் தக்சினின் மகள் பெய்தோங்தான் பிரதமரானபோது, அபிசிட் ஒரு காலத்தில் தலைமை தாங்கிய ஜனநாயகக் கட்சி அவருடைய அமைச்சரவையில் இடம்பெற்றது. இறந்தவர்களின் கட்சியும் அவர்களைச் சுடச் சொன்ன ஆட்சியின் கட்சியும் ஒரே மேசையில். நாம் முதலில் சொன்ன அந்த ஒரே பாய் இதுதான்.

தாக் பாய்க் குடும்பங்கள் 2024இல் தாமே நீதிமன்றம் ஏறின. பதினான்கு பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. தென்பகுதிப் படைத்தளபதியாய் இருந்து பின்னர் ஆளுங்கட்சி நாடாளுமன்ற உறுப்பினரானவரும் அவர்களில் ஒருவர். ஒருவரும் மன்றத்தில் தலைகாட்டவில்லை. பிரதமர் மன்னிப்புக் கோரினார். அடுத்த நாள், 2024 அக்டோபர் 25, இருபதாண்டுக் காலவரம்பு முடிந்து வழக்கு செத்தது. கொலைக்குற்றத்திற்கு அந்நாட்டுச் சட்டம் வகுத்த எல்லை அவ்வளவே. ராட்சதம்னேன் சாலையில் வீழ்ந்தவர்களுக்கு அந்த எல்லை 2030 ஏப்ரலில் வருகிறது. பத்ம வனத்தில் வீழ்ந்த ஆறு பேருக்கு மே 19.