பூட்டு உறுதி, காவலில் ஓட்டை

கோப்புகளை மறைகுறியாக்கம் செய்துவிட்டாலே கணினி பாதுகாப்பாகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. லினக்ஸின் இ-கிரிப்ட்எஃப்எஸ் மென்பொருளில் 2016 ஜனவரியில் வெளிப்பட்ட குறைபாடு அந்த நம்பிக்கையைக் கேள்விக்குள்ளாக்கியது.

பயனரின் மறைகுறியாக்கக் கோப்புறையைத் திறந்து இணைக்கும் துணை நிரல், 'ரூட்' அதிகாரத்துடன் இயங்கியது. இணைக்கும் இடம் அப்பயனருக்கு உரியதா என்று சோதித்த அது, அந்த இடம் எத்தகையது என்று பார்க்கவில்லை. இயங்கும் நிரல்களின் விவரங்களைக் காட்டும் 'ப்ராக்' கோப்பகத்திலும் பயனருக்கு உரிமையான பகுதிகள் உண்டு. அவற்றின் மீது போலித் தகவல்களைப் பொருத்தி, சாதாரணப் பயனர் ஒருவர் கணினி முழுவதையும் கைப்பற்ற முடிந்தது. மறைகுறியாக்கக் கணிதம் எங்கும் உடையவில்லை; உரிமைச் சோதனைதான் தவறியது.

அனுமதிக்கப்பட்ட கோப்பு முறைமைகளின் மீது மட்டுமே இணைப்பது என்ற கட்டுப்பாடு அக்குறையைத் தீர்த்தது. பலர் பகிரும் கணினிகளை நிர்வகிக்கும் நிறுவனங்கள், திறவுகோலின் நீளத்தைப் பார்ப்பதற்கு முன், உயர் அதிகாரத்துடன் இயங்கும் நிரல்களைத் தணிக்கை செய்ய வேண்டும் என்பதே என் கருத்து.