மார்கழிக் குளிரும் பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவும்

தீபாவளி முற்பணம் எவ்வளவு என்று பேசிக்கொண்டிருக்கும் அதே மாதத்தில் நாம் பேசாமல் விடும் விஷயம் ஒன்று இருக்கிறது. அது குளிர். முற்பணம் கையில் வந்து செலவாகி முடியும்போது குளிர் வாசலில் வந்து நிற்கும். அதற்குப் பிறகு தகரம் மாற்றவும் கான் வெட்டவும் நேரமும் இருக்காது, காசும் இருக்காது.

அட்டன் பக்கத்துத் தோழர்களுக்கு ஆனி, ஆடியில் மழை கொட்டும். நம் ஊவாவுக்குக் கணக்கு வேறு. ஐப்பசியில் தொடங்கும் மழை தை வரை விடாது. மழை ஓய்ந்தால் மேகமில்லாத வானம், கூடவே பனி. பதுளை நகரம் 700 மீற்றருக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில் இருக்கிறது. அப்புத்தளை 1,400 மீற்றருக்கும் மேலே. 100 மீற்றர் ஏறினால் ஏறக்குறைய 0.6 பாகை வெப்பம் குறையும். பதுளை பஸ் நிலையத்தில் சால்வை போதும் என்று நிற்கிறவர், அப்புத்தளை மலையிடுக்கில் இறங்கினால் பல் அடிக்க நிற்பது இதனால்தான்.

"இதெல்லாம் ஒரு குளிரா? வெள்ளைக்கார நாட்டில் பனிக்கட்டி கொட்டுகிறதே" என்று சிலர் சொல்வார்கள். கொட்டுகிறது, உண்மைதான். ஆனால் அங்கே குளிர் வெளியே நிற்கிறது, வீட்டுக்குள் சூடு இருக்கிறது. நமக்கு வெளியே எவ்வளவு குளிரோ காம்பராவுக்குள்ளும் ஏறக்குறைய அவ்வளவுதான். குளிர்காலம் உள்ள நாடுகளில் வீட்டுக்குள் குறைந்தது 18 பாகையாவது இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வீடமைப்பு வழிகாட்டல் சொல்கிறது. நம் மேட்டு லயங்களில் மார்கழி, தை இரவுகளில் 15 பாகைக்குக் கீழே இறங்குவது சாதாரணம். 2022 டிசெம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கு, கிழக்கின் சமவெளியிலேயே நூற்றுக்கணக்கான மாடுகள் செத்தன. பழக்கமில்லாத, ஈரத்தோடு சேர்ந்த குளிர் உயிரை எடுக்கும். அதற்குப் பனிக்கட்டி தேவையில்லை.

நாங்கள் லயத்தில் பிறந்து, அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கிறவர்கள். தை மாதம் காலை முதல் பாடத்தில் வகுப்பு முழுக்க இருமல் கேட்கும். ஒரு பிள்ளை மேசையில் தலை வைத்துத் தூங்கினால், முன்பெல்லாம் அதட்டுவோம். இப்போது "ராத்திரி எங்கே படுத்தாய்?" என்றுதான் கேட்கிறோம். "பாய் நனைஞ்சிருச்சு சேர், அம்மா மடியில உக்காந்திருந்தேன்" என்று ஒரு பிள்ளை சொன்ன நாளிலிருந்து அதட்டுவதில்லை.

அன்று மழை பெய்யவில்லை. பிறகு பாய் எப்படி நனைந்தது? தகரக் கூரை இரவில் சீக்கிரம் குளிர்ந்துவிடும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஐந்தாறு பேர் விடும் மூச்சும் அடுப்பின் ஆவியும் அந்தத் தகரத்தில் பட்டு நீராகிச் சொட்டும். ஓட்டை இல்லாத கூரையும் இப்படி ஒழுகும். பின்பக்க மண்மேட்டிலிருந்து சுவர் ஈரத்தை உறிஞ்சும், தரை அதைப் பாய்க்குக் கொடுக்கும்.

நாமே செய்யக்கூடியதை முதலில் செய்வோம். லயத்துக்குப் பின்னால் உள்ள கானை மழைக்கு முன்பே வெட்டித் துப்புரவாக்குவோம். மண்மேட்டுத் தண்ணீர் சுவரில் தேங்காவிட்டால் பாதி ஈரம் போய்விடும். கவ்வாத்து மிலாறை இப்போதே கட்டி இஸ்தோப்பில் உயரத்தில் அடுக்குவோம், ஈர விறகு சூட்டைவிடப் புகையைத்தான் அதிகம் தரும். வெறும் தரையில் பாய் விரிக்காமல், கீழே பழைய படங்கு, அதன்மேல் சாக்கு, அதன்மேல் பாய் என்று விரிப்போம். பலகைக் கட்டில் இருந்தால் அது பிள்ளைக்கும் முதியவருக்கும். படுக்கும் பக்கத்துத் தகரத்துக்குக் கீழே நாலு விரல் இடைவெளி விட்டுச் சாக்கு கட்டினால் சொட்டுவது குறையும். ஆனால் அடுப்புப் பக்கம் சாக்கோ பொலித்தீனோ கட்டவே கூடாது. ஒரு காம்பராவில் பிடித்த தீ ஒரே கூரை வழியாக லயம் முழுவதையும் எரித்த கதைகள் நமக்குப் புதிதல்ல.

இன்னொன்றை ஒவ்வொரு வீட்டிலும் சொல்லுங்கள். கரி நெருப்பைச் சட்டியில் அள்ளி வந்து, கதவு ஜன்னலை அடைத்துவிட்டுப் படுக்காதீர்கள். கரியிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். தலைவலி, வாந்தி, மயக்கம் வந்தால் உடனே ஆளை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 1990 அம்பியூலன்ஸை அழையுங்கள். பச்சைக் குழந்தைக்கும் நெருப்புச்சட்டி வேண்டாம். தலைக்குத் தொப்பி போட்டு, தாயின் நெஞ்சோடு தோல் படும்படி அணைத்துப் போர்த்தினால் போதும். பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்தாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

இத்தனையும் நம் கையில் இருக்கிறது. ஆனால் இத்தோடு நிறுத்தினால் அநியாயத்துக்கு நாமே துணை போனவர்கள் ஆவோம். கூரை நம்முடையதல்ல. காம்பராவும் நிலமும் நம் பெயரில் இல்லை. நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம் புகை போக அடுப்படிச் சுவரில் ஒரு குழாய் வைத்தது. அனுமதி இல்லாமல் கட்டடத்தை மாற்றியதாகத் தோட்ட அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அவர்களும் திருத்த மாட்டார்கள், நம்மையும் திருத்த விடமாட்டார்கள் என்றால் அந்த வீட்டுப் பிள்ளை எங்கே போவது?

ஆடி, ஆவணியில் வீசும் வறண்ட கச்சான் காற்றில்தான் ஊவா தேயிலைக்கு அந்தத் தனி மணம் வருகிறது. அந்த மணத்துக்குக் கொழும்பு ஏலத்தில் தனி விலை உண்டு. மலையின் காற்றால் வரும் இலாபத்தைக் கொம்பனி எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் அதே மலையின் குளிரை மட்டும் தொழிலாளி தனியாகச் சுமப்பது என்ன நியாயம்? அந்தக் காலத்தில் கம்பளியைக் கொடுத்துவிட்டு அதன் விலையைப் பேரில் பற்று எழுதினார்கள். அந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை.

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனபோது நாடே திரும்பிப் பார்த்தது. குளிர் அப்படிச் சத்தம் போடாது. ஒரு லயத்தில் ஒரு கிழவி, இன்னொரு லயத்தில் ஒரு கைக்குழந்தை என்று எடுத்துக்கொண்டு போகும். "சளி முற்றிப்போச்சு" என்று சொல்லி நாமும் அடக்கம் செய்துவிட்டு அடுத்த வாரம் பெரட்டுக்குப் போவோம். கணக்கு எழுதாத சாவுக்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்.

ஆகவே எழுதுவோம். மழை பிடிப்பதற்கு முன் ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு பட்டியல் வேண்டும்: எந்தக் காம்பராவில் தகரம் உடைந்திருக்கிறது, எதில் புகை போக வழியில்லை, எந்தக் கான் அடைந்திருக்கிறது, எந்த வீட்டில் ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளை, கர்ப்பிணி, நோயாளி, தனியாக இருக்கும் முதியவர் இருக்கிறார். மாதர் சங்கத் தலைவிமார் இதைக் கையில் எடுத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். எழுத்து வேலைக்கு எங்கள் உயர்தரப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பட்டியலின் ஒரு பிரதி துரைக்கு. திருத்த வேலைக்குத் திகதி கேட்போம். தாமே திருத்திக்கொள்ள விரும்பும் குடும்பத்துக்கு எழுத்தில் அனுமதி கேட்போம். ஒரு பிரதி குடும்பநல உத்தியோகத்தருக்கு. இன்னொன்று பிரதேச சபைக்கு. தோட்டத்துக்குள் செலவழிக்கச் சட்டத்தில் இடமில்லை என்று முன்பு அவர்கள் கைவிரித்தார்கள். 2018இல் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு திருத்தப்பட்டபின் அந்தப் பதில் செல்லாது. வாக்குக் கேட்டு லயத்துக்கு வந்த உறுப்பினர் கானுக்கும் வரட்டும்.

தனி வீடும் காணி உறுதியும்தான் நம் முடிவான கோரிக்கை. அதில் ஒரு அங்குலமும் பின்வாங்க மாட்டோம். ஆனால் அந்த வீடு வரும்வரை இந்த மார்கழி காத்திருக்காது. அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்துக்கு வெறுங்கையோடு வராதீர்கள் தோழர்களே, உங்கள் லயத்தின் பட்டியலோடு வாருங்கள்.