குனிந்து தேடக்கூடிய நிலம்

"சித்தி, அந்த வேருக்குக் கீழ கையை விட்டுப் பாருங்கோ. அங்கதான் இருக்கோணும்."

அக்காவின் மகனுக்குப் பன்னிரண்டு வயது. கைத்தொலைபேசித் திரை, இன்னும் நான்கு மீற்றர் என்று காட்டியது. காய்ந்த இலைகளுக்குள் பச்சை நிறத் தகரப் பெட்டியொன்றின் மூலை தெரிந்தது. நான் சைக்கிளைப் பிடித்தபடி பாதையிலேயே நின்றேன். கை போகவில்லை.

இது சென்ற கோடையில், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரையும் பாத் நகரையும் இணைக்கும் பழைய ரயில் பாதையில் நடந்தது. சனம் கார்களுக்கு மாறிய காலத்தில், கணக்குப் பார்த்து, 1966இல் இங்கு பயணிகள் ரயிலை நிறுத்தினார்கள். 1979இல் சைக்கிள் ஆர்வலர்கள் ஒரு துண்டைத் திருத்தத் தொடங்கினார்கள். 1986இல் சுமார் 21 கிலோமீற்றரும் சைக்கிள் பாதையாகிவிட்டது. மாங்கொட்ஸ்ஃபீல்ட் நிலையத்தின் மேடை இன்னும் கூரையில்லாமல் நிற்கிறது. அந்தச் சுவர்களைக் கண்டதும் 2010இன் பளை நிலையம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. அங்கே கூரை போனதற்குக் காரணம் வேறு.

அவன் விளையாடுவது ஜியோகாஷிங். யாரோ ஒருவர் ஒரு டப்பாவை ஒளித்து வைத்து, அந்த இடத்தின் ஆள்கூறுகளை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ் உதவியோடு தேடிப் பிடித்து, உள்ளேயிருக்கும் கொப்பியில் பெயரெழுதி, இருந்த இடத்திலேயே திரும்ப வைப்பார்கள். பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் பாதுகாப்புக் காரணத்துக்காக வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. அடுத்த நாளே ஒரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் முதல் வாளியை ஒளித்து வைத்தார். மழை புகாது என்பதால் இந்த விளையாட்டுக்காரர் மிகவும் விரும்பும் பெட்டி எது தெரியுமா? இராணுவம் பயன்படுத்திய தோட்டாப் பெட்டி. அந்த வேருக்குக் கீழே இருந்ததும் அதுதான்.

மீள்குடியேறிய புதிதில் எங்கள் பாடசாலைக்கு மிதிவெடி விழிப்புணர்வுக்கு வந்தவர்கள் படங்களைக் காட்டிச் சொல்லித் தந்தது மூன்று விடயங்கள்: தொடாதே, கிட்டப் போகாதே, பெரியவர்களிடம் சொல். பற்றைக்குள் தெரியும் பச்சைத் தகரத்துக்கு என் உடம்பு அறிந்த பதில் அது மட்டும்தான். மருமகனின் விளையாட்டு அந்த மூன்றையும் அப்படியே தலைகீழாக்குகிறது. அவனிலோ விளையாட்டிலோ பிழையில்லை. மண்ணை நம்பத் தெரிந்த பிள்ளை அவன். அங்கேயும் எல்லாம் சுமுகம் என்றில்லை. 2011இல் வெதர்பி என்ற ஊரில், தேநீர்க் கடையொன்றின் முன்னால் ஒளிக்கப்பட்ட இப்படியொரு டப்பாவைக் குண்டென்று நினைத்து வெடிக்க வைத்தார்கள். ஆனால் அது ஒருநாள் செய்தி.

எங்கள் ரயில் பாதையின் கதை வாசகர்களுக்குத் தெரியும். 1990இல் வவுனியாவுக்கு வடக்கே ரயில் நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பங்கர்களுக்குப் போயின. 2014 ஒக்ரோபரில் யாழ்தேவி திரும்ப யாழ்ப்பாணம் வந்தது, 2015 தொடக்கத்தில் காங்கேசன்துறையைத் தொட்டது. அப்போது எடுக்கப்பட்ட படங்களில் மாலைகளும் கொடிகளும் இருந்தன. படத்தில் வராதது, முகமாலையில் யன்னலுக்கு வெளியே தெரிந்த, சிவப்புப் பூசிய தடிகள். ரயில் ஓடுவதற்குத் தேவை ஒடுக்கமான ஒரு துண்டு நிலம். அதைத் துப்புரவாக்கினால் போதும், திறப்பு விழா வைக்கலாம். தண்டவாளத்துக்கு இரு பக்கமும் உள்ள காணிகள் வேறு கணக்கு. அங்கே மண்ணில் முழங்காலிட்டு விரற்கடை விரற்கடையாகத் தேடுபவர்களில் எங்கள் பெண்கள் பலர். கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017இல் சேர்ந்தது. அதன்படி 2028 ஜூன் மாதத்துக்குள் எல்லாம் அகற்றப்பட வேண்டும். 2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவிகளை நிறுத்தி வைத்தபோது, இந்த வேலை எவ்வளவு தூரம் பிறர் காசில் தொங்குகிறது என்பதும் தெரிந்தது.

வெடி இல்லாத இடமென்றாலும் குனிய விடுவதில்லை. 2025 ஏப்ரலில் வசாவிளான் - பலாலி வீதியை முப்பது வருடங்களுக்கு மேலான காலத்துக்குப் பிறகு திறந்தார்கள். நல்ல செய்தி, மறுக்கவில்லை. கூடவே அறிவித்தல் பலகையும் வந்தது: காலை 6 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டும், நடந்து போகக்கூடாது, இடையில் நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது. கடந்து போக விட்டார்கள், நிற்க விடவில்லை. வேலிக்கு அப்பால் தங்கள் வீட்டுக் கிணறு எங்கே இருந்தது என்று இறங்கிப் பார்க்க நினைப்பவருக்கு இந்தத் திறப்பில் கிடைத்தது எவ்வளவு? வீதி திறப்பையும் ரயில் ஓட்டத்தையும் வழமை திரும்பியதற்குச் சான்றாக அரசாங்கங்கள் காட்டும்போது, நான் பார்ப்பது வீதியோரத்தைத்தான். அங்கே ஒரு பிள்ளை சைக்கிளைச் சரித்துவிட்டுப் பற்றைக்குள் கை விடலாமா? அதைச் சொல்லும் புள்ளிவிபரத்தை எந்த அமைச்சரும் வாசிப்பதில்லை.

கடைசியில் அவனே பெட்டியை எடுத்தான். கொப்பியில் என் பெயரையும் எழுத வைத்தான். வரும் ஓகஸ்டில் ஊருக்கு வரும்போது தானும் ஒன்று ஒளிக்கப் போகிறானாம், பளையில் அம்மம்மா வீட்டுக்குக் கிட்ட, ரயில் பாதையோரத்தில். ரயில் ஓடும் பாதைக்கு அருகே வைக்க விளையாட்டின் விதிகளே விடாது என்று சொல்லித் தப்பித்தேன். வேண்டுமென்றால் அம்மம்மாவின் வளவுக்குள்ளே, கிணற்றடிப் பனைக்குக் கீழே வைக்கலாம் என்றேன்.

"அது சரிவராது சித்தி. ஆர் வேணுமெண்டாலும் வந்து தேடக்கூடிய இடமா இருக்கோணும்."

அப்படியொரு இடத்தை யோசித்துச் சொல்வதாக அவனுக்குச் சொல்லியிருக்கிறேன்.