பாஸ்வேர்டில் ஒரு @... பாதி ராத்திரியில் ஒரு போன்!

தம்பி இன்ஜினீயரிங் இரண்டாம் வருடம். போன வாரம் ராத்திரி பதினொரு மணிக்கு ஹாஸ்டலில் இருந்து கூப்பிட்டான்.

"அக்கா, பிரவுசர்ல நெட் நல்லா வருது. விஎஸ் கோட்ல மட்டும் ஒரு எக்ஸ்டென்ஷன் இறங்க மாட்டேங்குது. காலைல பைத்தான் அசைன்மென்ட் கொடுக்கணும்!"

ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொன்னேன். அதில் 407 என்று ஓர் எண்.

ஹாஸ்டலை விட்டு வெளியே போனால் வாசல் நோட்டில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போடுவோம் இல்லையா? கல்லூரி நெட்வொர்க்கில் ப்ராக்ஸி சர்வர் செய்வதும் அதேதான். "யார் நீ? பெயரும் பாஸ்வேர்டும் சொல்லிவிட்டுப் போ" என்கிறது. சொல்லாமல் போனால் வரும் பதில்தான் 407.

பிரவுசரில் தம்பி ஏற்கெனவே சொல்லிவிட்டான். எடிட்டர் இன்னும் சொல்லவில்லை.

விஎஸ் கோட் பெரும்பாலும் தானாகவே ஒரு பெட்டி திறந்து கேட்கும். அதில் டைப் செய்தால் வேலை முடிந்தது. சில எக்ஸ்டென்ஷன்களுக்கு அது போதாது. அப்போது செட்டிங்ஸில் ப்ராக்ஸி என்ற இடத்தைத் தேடி, ஒரே வரியில் எழுத வேண்டும்: முதலில் http://, அதை ஒட்டி யூசர்நேம், முக்காற்புள்ளி, பாஸ்வேர்டு, @, ப்ராக்ஸி முகவரி, முக்காற்புள்ளி, போர்ட் எண்.

தம்பி இதையும் எழுதியிருந்தான். ஆனால், அவன் பாஸ்வேர்டிலேயே ஒரு @ இருந்தது! பாஸ்வேர்டு எங்கே முடிகிறது, முகவரி எங்கே ஆரம்பிக்கிறது என்று எடிட்டர் குழம்பிவிட்டது. பாஸ்வேர்டில் @ இருந்தால் %40 என்றும், # இருந்தால் %23 என்றும் மாற்றி எழுத வேண்டும். மாற்றினான். எக்ஸ்டென்ஷன் இறங்கியது.

சப்லைம் டெக்ஸ்ட் பயன்படுத்துபவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. அதன் பேக்கேஜ் கன்ட்ரோல் செட்டிங்ஸில் யூசர்நேமுக்கும் பாஸ்வேர்டுக்கும் தனித்தனி வரிகள் உண்டு.

"சூப்பர்க்கா! ரூம் பசங்களுக்கும் இதே பிரச்னைதான். செட்டிங்ஸ் ஃபைலை ரெண்டு பேருக்கு அனுப்பிட்டேன். குரூப்லயும் போட்டுடுறேன்."

எனக்குத் தூக்கி வாரிப்போட்டது. அந்த ஃபைலில் பாஸ்வேர்டு அப்படியே, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இருக்கிறது. %40 என்பது பூட்டு இல்லை. எழுதும் முறை மட்டுமே. இனி அந்த இரண்டு பேர் எதைத் திறந்தாலும், எதை டவுன்லோட் செய்தாலும், வாசல் நோட்டில் தம்பி பெயர்தான் விழும். நாளை கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவனும் அவன்தான். விசாரித்தால், மெயிலுக்கும் அதே பாஸ்வேர்டு!

ராத்திரியோடு ராத்திரியாக இரண்டையும் மாற்றவைத்தேன்.

நீங்களும் மனதில் வையுங்கள். பெட்டி திறந்து கேட்டால் அங்கேயே டைப் செய்யுங்கள். ஃபைலில் எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், வேறெங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்டாக இருக்கட்டும். அந்த ஃபைலை யாருக்கும் அனுப்பாதீர்கள். நண்பர் கேட்டால் முகவரியையும் போர்ட் எண்ணையும் மட்டும் சொல்லுங்கள். லீவுக்கு வீட்டுக்கு வந்ததும் அந்த வரியை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் வீட்டு வைஃபையிலும் எடிட்டர் கல்லூரி வாசலைத் தேடிக்கொண்டிருக்கும்.

தம்பியின் புது பாஸ்வேர்டிலும் ஒரு @ இருக்கிறதாம். இந்த முறை அவனே சமாளித்துவிட்டான்!