மண்டகப்பட்டுப் பாறையும் 700 மெகாஹெர்ட்ஸும்: அலைக்கற்றை கடைமடைக்கு எப்போது பாயும்?

விழுப்புரத்தில் இருந்து செஞ்சி செல்லும் வழியில் இருக்கிறது மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுதை எதையும் பயன்படுத்தாமல் கோயில் அமைத்ததாகப் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் கல்வெட்டில் பெருமையோடு பதிவு செய்த குடைவரை இங்கேதான் உள்ளது. 7ஆம் நூற்றாண்டில் மன்னனுக்குக் கைகொடுத்த அதே கருங்கல், இன்று இந்த வட்டாரத்தில் செல்போன் அலைகளுக்குக் குறுக்கே நிற்கிறது.

செஞ்சியை நெருங்க நெருங்கக் குன்றுகள் கூடுகின்றன. ராஜகிரி மட்டும் சுமார் 240 மீட்டர் உயரம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்த கோட்டை இந்த மலைகளின் மேல்தான் நிற்கிறது. சுற்றுலா போகிறவர்களுக்கு இது அழகான காட்சி. ஆனால், மலைக்கு ஒரு பக்கம் டவர் இருந்தால், மறுபக்கம் ரேடியோ நிழல் விழும்.

இப்படிப்பட்ட இடங்களில் ஊர்க்காரர்கள் சாதாரணமாகச் சொல்லும் வார்த்தை, “இங்க டவர் கிடைக்காதுங்க” என்பதுதான். டவர் எத்தனை இருக்கிறது என்பதோடு, அந்த டவர் எந்த அலைவரிசையில் பேசுகிறது என்பதும் இதில் முக்கியம். அலைக்கற்றையை எத்தனை லட்சம் கோடிக்கு விற்றோம் என்று ஒவ்வொரு ஏலத்திலும் விவாதிக்கும் நாம், விற்ற அலை எத்தனை கிராமங்களைப் போய்ச் சேர்ந்தது என்று கேட்பதில்லை. கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

எல்லா மெகாஹெர்ட்ஸும் ஒன்றல்ல

நம் பெற்றோர் தலைமுறை இலங்கை வானொலி கேட்டதை நினைத்துப் பாருங்கள். கடல் தாண்டி அந்தச் சிற்றலை தமிழ்நாட்டு டீக்கடை வரை வந்ததற்குக் காரணம், வானில் பல நூறு கிலோமீட்டர் உயரம் வரை பரவியிருக்கும் அயனி மண்டலம். குறிப்பிட்ட அதிர்வெண் கொண்ட அலைகளை அது வளைத்துப் பூமிக்கே திருப்பி அனுப்பிவிடும். செல்போன் அலைகளின் அதிர்வெண் அதைவிட மிக அதிகம். அவை அயனி மண்டலத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே போய்விடும். அதனால் செல்போன் பேச்சு கிட்டத்தட்ட பார்வைக்கோட்டில்தான் நடந்தாக வேண்டும்.

அந்தச் செல்போன் அலைகளுக்குள்ளும் பெரிய வித்தியாசம் உண்டு. 700 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 43 சென்டிமீட்டர். 5ஜிக்கு அதிகம் பயன்படும் 3300 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு 9 சென்டிமீட்டர். 26 ஜிகாஹெர்ட்ஸ் அலைக்கு வெறும் 1 சென்டிமீட்டர் சொச்சம்தான். நீளமான அலை குன்றின் விளிம்பில் ஓரளவு வளைந்து இறங்கும், மரக்கூட்டத்தை ஊடுருவும், சுவரைத் தாண்டி வீட்டுக்குள்ளும் வரும். குட்டை அலைக்கு இலை, சுவர் எல்லாமே தடை. 26 ஜிகாஹெர்ட்ஸ் அலையை ஐப்பசி அடைமழையே பலவீனப்படுத்திவிடும்.

கணக்காகவே பார்க்கலாம். தடையே இல்லாத வெட்டவெளியில், ஒரே திறனில், ஒரே தூரத்தில், எளிய ஆன்டெனாக்களை வைத்து 700, 3300 இரண்டையும் அனுப்பினால், 3300இல் வந்து சேரும் திறன் சுமார் 22இல் 1 பங்குதான். புதிய 5ஜி டவர்கள் அலையைக் குவித்து ஒரு திசையில் அனுப்பி இந்த இழப்பில் ஒரு பகுதியை ஈடுகட்டுகின்றன. குன்றை நகர்த்த அவற்றாலும் முடியாது.

சரி, அப்போ எல்லாவற்றையும் 700லேயே ஓட்டிவிடலாமே? முடியாது. அங்கே இடம் குறைவு. 3300 பட்டையில் ஒரு நிறுவனத்துக்கு 100 மெகாஹெர்ட்ஸ் அகலம் வரை கிடைக்கும்; 700இல் 10 கிடைத்தாலே பெரிய விஷயம். வேகத்துக்கு உயர் அலைவரிசை, தூரத்துக்குத் தாழ் அலைவரிசை. தி.நகருக்கு முதல் வகை அவசியம். செஞ்சிக் குன்றுகளுக்கு நடுவே இருக்கும் கிராமத்துக்கு இரண்டாவது வகைதான் உயிர்நாடி.

6 ஆண்டுகள் சும்மா கிடந்த அலை

அந்த உயிர்நாடியை நாம் என்ன செய்தோம்? 2016 அக்டோபர் ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸ் முதன்முறையாக விற்பனைக்கு வந்தது. நாடு முழுவதற்குமான அடிப்படை விலை, ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு 11,485 கோடி ரூபாய். 5 மெகாஹெர்ட்ஸ் வாங்கவே 57,425 கோடி வேண்டும். ஒருவர்கூட ஏலம் கேட்கவில்லை. 2021 மார்ச்சில் விலை 6,568 கோடியாகக் குறைந்தது. அப்போதும் யாரும் வரவில்லை. 2022 ஏலத்தில் 3,927 கோடிக்கு இறங்கியபோதுதான் ஜியோ 10 மெகாஹெர்ட்ஸ் வாங்கியது.

அந்தக் காலத்தில் 700இல் இயங்கும் போன்கள் குறைவு என்பது உண்மை. கிராமங்களுக்கு 800, 900 பட்டைகளில் சேவை இருந்ததும் உண்மை. ஆனாலும் கிட்டத்தட்ட 6 ஆண்டுகள் நாட்டின் மிக அதிக தூரம் பாயக்கூடிய அலைவரிசைகளில் ஒன்று பெரும்பாலும் யாருக்கும் பயன்படாமல் கிடந்தது.

நிலக்கரியைத் தோண்டாமல் விட்டால் நாளைக்கு எடுக்கலாம். மணலை அள்ளாமல் விட்டால் ஆற்றுக்கே நல்லது. அலைக்கற்றை அப்படியல்ல. நேற்று பயன்படுத்தாத 700 மெகாஹெர்ட்ஸை இன்று சேர்த்துப் பயன்படுத்த முடியாது. சும்மா கிடந்த ஒவ்வொரு நாளும் நிரந்தர நஷ்டம். ஆனால், எந்தத் தணிக்கை அறிக்கையிலும் அது ‘இழப்பு’ என்ற தலைப்பில் வருவதில்லை.

2ஜி போட்ட சூடு

விலையைக் குறைக்க அரசு ஏன் தயங்கியது? காரணம் தமிழ்நாட்டுக்கு நன்றாகவே தெரியும். 2008இல் 2ஜி உரிமங்கள் வழங்கப்பட்டதில் 1.76 லட்சம் கோடி ரூபாய் வரை இழப்பு ஏற்பட்டிருக்கலாம் என்று 2010இல் சிஏஜி மதிப்பிட்டது. 2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. வழக்கு எப்படிப் போனாலும், ‘குறைந்த விலைக்குக் கொடுத்தால் மாட்டிக்கொள்வோம், விற்காமலே விட்டால் யாரும் கேட்க மாட்டார்கள்’ என்ற பாடம் அதிகாரிகளின் மனதில் பதிந்துவிட்டது.

இங்கே மறந்துபோன இரண்டு விஷயங்கள் உண்டு. அலைக்கற்றை பொதுச் சொத்து, பொதுநலனுக்காகவே பயன்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே சொல்லிவிட்டது. இயற்கை வளங்கள் எல்லாவற்றுக்கும் ஏலம்தான் ஒரே வழி என்று கட்டாயம் இல்லை என்பதையும் 2012 செப்டம்பரில் அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. வெளிப்படையான ஏலம் நல்லதுதான். ஆனால் ஏலத்தொகை மட்டுமே வெற்றியின் அளவுகோல் என்று எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை.

ஏரித் தண்ணீர் சொல்லும் பாடம்

விழுப்புரம் மாவட்டம் ஏரிப் பாசனம் அறிந்த பூமி. மதகைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது, கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும் என்பது அங்குள்ள விவசாயிகளுக்குத் தெரியும். தலைமடைக்காரர் வயலிலேயே எல்லாம் தேங்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான் முறைவைத்துப் பாய்ச்சும் வழக்கமும் நீர்க்கட்டி என்ற பொறுப்பும் உருவாயின.

ஜெர்மனி 2010இல் அலைக்கற்றைக்கு இதே முறையைத்தான் கையாண்டது. தூரம் பாயும் 800 மெகாஹெர்ட்ஸை ஏலம் விட்டபோது, வாங்கிய நிறுவனங்கள் முதலில் 5,000 பேருக்கும் குறைவாக வசிக்கும், சேவை இல்லாத ஊர்களுக்குப் போக வேண்டும் என்று நிபந்தனை போட்டது. அந்தக் கட்டத்தில் 90 சதவீதத்தை எட்டிய பிறகே அடுத்த அளவு ஊர்கள். பெருநகரங்கள் கடைசியில்தான். ஏலமும் நடந்தது, அரசுக்குப் பணமும் வந்தது, கடைமடைக்கும் அலை பாய்ந்தது.

இந்திய ஏலங்களிலும் விரிவாக்க நிபந்தனைகள் உண்டு. ஆனால் நகரங்கள், ஒன்றியத் தலைமையிடங்கள் என்ற கணக்கில்தான் அவை பெரும்பாலும் அமைகின்றன. செஞ்சி நகரத்தில் சிக்னல் வந்தால் ஒரு டிக் போட்டுவிடலாம். மலைக்குப் பின்னால் இருக்கும் கிராமம் அந்தக் கணக்கில் வராது. விடுபட்டதை நிரப்ப மறுபடியும் பொதுப் பணம்தான் செலவாகிறது: 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோக 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை 26,316 கோடி ரூபாய் ஒதுக்கியது. திட்டம் தேவையானதுதான். ஏல நிபந்தனையிலேயே இதில் ஒரு பகுதியைச் சாதித்திருக்க முடியும்.

டோக்கியோ கணக்கு செஞ்சிக்குப் பொருந்துமா?

ஒரு டவரின் அலை எவ்வளவு தூரம் போகும் என்பதைப் பொறியாளர்கள் கணக்கீட்டு மாதிரிகள் மூலம் மதிப்பிடுகிறார்கள். அவற்றில் உலகப் புகழ்பெற்றது ஒகுமுரா–ஹாட்டா மாதிரி. ஜப்பானில் டோக்கியோவிலும் சுற்றுவட்டாரத்திலும் அளந்த தரவுகளை 1968இல் ஒகுமுரா குழு வெளியிட்டது; 1980இல் ஹாட்டா அதைச் சூத்திரமாக்கினார். உறுதியான அறிவியல்தான். ஆனால் டோக்கியோவின் தெருக்களும், கருங்கல் குன்றும் பனைமரமும் ஏரிக்கரையும் கலந்த செஞ்சி வட்டாரமும் ஒன்றல்ல. உள்ளூரில் அளந்து பார்த்துத் திருத்தாவிட்டால் பிழை வரத்தான் செய்யும்.

இந்தத் துறைக்கு இந்தியா புதியதும் அல்ல. இன்று 5ஜி விளம்பரங்களில் பேசப்படும் மில்லிமீட்டர் அலைகளை ஜகதீச சந்திர போஸ் கொல்கத்தாவில் 1895லேயே செய்து காட்டினார். டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் ரேடியோ அலைப் பரவலைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்திருக்கிறது. இல்லாதது திறமை அல்ல. கிராமம் கிராமமாக அளந்த, எல்லோரும் பார்க்கக்கூடிய தரவு.

2024இல் வந்த டிராய் விதிமுறைப்படி நிறுவனங்கள் தங்கள் சேவைப்பரப்பு வரைபடத்தை இணையதளத்தில் வெளியிட வேண்டும். நல்ல தொடக்கம். ஆனால் இத்தகைய வரைபடங்கள் பொதுவாகக் கணக்கீட்டில் இருந்து வரையப்படுபவை. வரைபடத்தில் வண்ணம் பூசிய இடத்திலும் வீட்டுக்குள் ஓடிபி வராமல் போகலாம்.

என்ன செய்யலாம்?

முதலாவது, இனி தாழ் அலைவரிசையை விற்கும்போது, வாங்குபவர் முதலில் சேவை குறைந்த கிராமங்களுக்குப் போக வேண்டும் என்ற நிபந்தனை வேண்டும். மீறினால் அபராதம். விலை கொஞ்சம் குறையும், குறையட்டும்.

இரண்டாவது, தொலைத்தொடர்புச் சட்டம் 2023இன் 7ஆவது பிரிவு, போதிய காரணம் இல்லாமல் பயன்படுத்தாமல் வைத்திருக்கும் அலைக்கற்றையைத் திரும்பப் பெற அரசுக்கு அதிகாரம் தருகிறது. 2024 ஜூலை 5 முதல் அது நடைமுறையில் உள்ளது. ‘பயன்படுத்து, இல்லாவிட்டால் கொடுத்துவிடு’ என்பது மாநில அளவில் மட்டுமல்லாமல், வட்டார அளவிலும் நடக்க வேண்டும்.

மூன்றாவது, டிராய் நகரங்களிலும் நெடுஞ்சாலைகளிலும் வண்டியில் போய் சிக்னல் அளக்கிறது. அந்த வண்டி கிராமச் சாலைகளுக்கும் வர வேண்டும். மாவட்டந்தோறும் இருக்கும் பொறியியல் கல்லூரி மாணவர்களை இதில் சேர்க்கலாம்.

அலைவரிசை மட்டும் இருந்தால் போதுமா என்று நிறுவனங்கள் கேட்கும். டவருக்கு மின்சாரம் வேண்டும், ஃபைபர் வேண்டும், கிராமத்தில் வருமானம் குறைவு. நியாயமான வாதம்தான். அதனால்தான் ஏலத்தொகையில் ஒரு பங்கை ரொக்கமாக வாங்காமல், கட்டிக்கொடுத்த சேவையாக வாங்குவது புத்திசாலித்தனம்.

சொந்த ஊரில் இருந்து மீட்டிங்கில் சேர முடியாமல் மொட்டைமாடிக்கு ஓடியவர்களுக்கு இந்த எரிச்சல் தெரியும். நமக்கு அது எரிச்சல் மட்டும்தான். ஆனால் 100 நாள் வேலைத் திட்டத்தில் 2023 ஜனவரி முதல் வருகைப்பதிவே செயலி வழியாக என்று ஆனபோது, புகைப்படம் பதிவேறினால்தான் கூலிக்குக் கணக்கு என்ற நிலை வந்தது. ரேஷன் கடை இயந்திரத்துக்கும் பெட்டிக்கடை யுபிஐக்கும் அதே சிக்னல்தான் வேண்டும். அரசே எல்லாவற்றையும் போனுக்குள் கொண்டுவந்துவிட்ட பிறகு, அந்தப் போனுக்கு அலை போய்ச் சேர்வதை உறுதி செய்வதும் அரசின் கடமை. அடுத்த ஏலத்துக்கான அறிவிப்பு வரும்போது, எத்தனை கோடி என்ற வரியைப் படித்ததும் எத்தனை கிராமம் என்ற வரி எங்கே என்று தேடிப் பார்ப்போம்.