ஐந்தில் எது?

ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற புரதம் சிலருக்குப் பிறவியிலேயே குறைவு என்பதை 1963இல் ஸ்வீடனின் மால்மோ நகரில் லாரெல், எரிக்சன் இருவரும் கண்டறிந்தார்கள். வெள்ளணுக்கள் கக்கும் எலாஸ்டேஸ் நொதி, கிருமியோடு சேர்த்து நுரையீரலையும் அரித்துவிடாமல் தடுப்பது இதன் வேலை. தடுக்கும் விதம் எலிப்பொறி போல: இரையாக நீட்டிய வளையத்தை நொதி கடிக்கிறது; கடித்ததும் வளையம் மடங்கிப் புரதத்துக்குள் செருகிக்கொள்ள, நொதி மறுமுனைக்கு இழுத்தெறியப்பட்டு உருக்குலைகிறது. பொறியும் அத்தோடு தீர்ந்தது, மறுமுறை உதவாது.

வேடிக்கை சுண்டெலியிடம்தான். மனிதருக்கு இதற்கு ஒரே மரபணு. ஆய்வகங்களில் பரவலாக வளர்க்கும் கறுப்புச் சுண்டெலி இனத்துக்கோ ஐந்து. ஐந்தையும் கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் முறை கொண்டு நீக்கிய பிறகுதான், 2018இல், இந்தப் புரதக் குறையால் நுரையீரல் கெடும் எலி கிடைத்தது. ஆகவே, ஆய்வுக்கு வாங்கும் இப்புரதக் குப்பியின் மேல் 'சுண்டெலிப் புரதம், மறுசேர்க்கை முறையில் தயாரித்தது' என்று மட்டும் போட்டிருந்தால் எனக்குப் போதாது. ஐந்தில் எது? பாக்டீரியாவில் செய்ததா, பாலூட்டி செல்லிலா? சாதாரண ஈ. கோலை பாக்டீரியா புரதத்தில் சர்க்கரைச் சங்கிலிகளை ஒட்டித் தராது. அவை இல்லாத புரதம் ரத்தத்திலிருந்து சீக்கிரம் மறைந்துவிடும். தூய்மை 95 சதவீதம் என்பதும் பாதிச் செய்திதான்: முன்பே மடங்கிவிட்ட பொறியும் தராசில் அதே எடைதான். எத்தனை மூலக்கூறு உண்மையில் நொதியைப் பிடிக்கிறது என்று அளந்து சொல்லாத கட்டுரையை ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பலாம். கெடுபிடி என்று முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.