கொண்டச்சிக்கு ஏற்ற காரா?

கொண்டச்சியிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் இக்கிழமை நம் கைக்கு வந்தது. 1990 இல் ஊரைவிட்டுப் புத்தளம் சென்று, போர் ஓய்ந்தபின் மீண்டுவந்த குடும்பங்களுள் அவர்களுடையதும் ஒன்று. உம்மாவை மாதம் இருமுறை மன்னார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லவேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை புத்தளத்து உறவினரைக் கண்டுவரவேண்டும். சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் ஓரளவு உண்டு. மீதிக்கு நகைகளை அடகு வைக்க எண்ணம். கொழும்பில் 2011 ஆம் ஆண்டுத் தயாரிப்பான டொயோட்டா பிரியஸ் ‘ஹைபிரிட்’ கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறதாம். ‘பெற்றோலை மணந்து பார்த்தே ஓடும் கார்’ என்று தரகர் புகழ்ந்திருக்கிறார். வாங்கலாமா என்பது கேள்வி. வரும் சனிக்கிழமை முற்பணம் கொடுப்பதாக ஏற்பாடு என்றும் எழுதியிருக்கிறார்.

சகோதரி, முற்பணத்தைச் சற்று நிறுத்தி வையுங்கள். காரணத்தைக் கூறுகிறோம். இதே எண்ணத்தோடு இருக்கும் வேறு பல வீட்டாருக்கும் அது பயன்படக்கூடும்.

ஹைபிரிட் என்பதைக் ‘கலப்பு’ என்று தமிழாக்கலாம். ஒரே வண்டிக்குள் பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து குடித்தனம் நடத்துகின்றன. எண்ணம் புதிதன்று. 1900 ஆம் ஆண்டிலேயே ஃபேர்டினண்ட் போர்ஷே என்ற இளம் பொறியியலாளர் வியன்னாவில் இத்தகைய வண்டியைச் செய்து காட்டினார். ஆயின், குடும்பத்தவர் வாங்கக்கூடிய வண்டியாகப் பெருந்தொகையில் விற்பனைக்கு வந்தது, 1997 டிசம்பரில் ஜப்பானில் பிரியஸ் வெளியானபோதுதான். அதில் கிளச்சு இல்லை. ஒன்று, இரண்டு என்று படிப்படியாக மாறும் கியர்களும் இல்லை. எஞ்சினைக் கிளப்புவதற்கெனத் தனியான ஸ்டார்ட்டரும் இல்லை. நடுவில் ஞாயிறு, சுற்றிலும் கோள்கள், வெளியே ஒரு வளையம் என்று அமைந்த பற்சக்கரத் தொகுதியொன்று எஞ்சினின் வலிமையைச் சக்கரங்களுக்கும் மின்பிறப்பாக்கிக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது. காரின் வேகத்தைத் தணிக்கும்போது மோட்டாரே மின்பிறப்பாக்கியாக மாறி, ஓட்டத்தின் வலிமையை மின்சாரமாக்கிப் பற்றரியில் சேர்க்கிறது. சாதாரணக் காரில் அந்த வலிமை பிறேக்கின் சூடாகிக் காற்றோடு போய்விடும்.

கடிதத்தின் ஓரத்தில், உயர்தர வகுப்பிற் படிக்கும் மகனும் ஒரு கேள்வியை எழுதியிருக்கிறான். மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட ‘தம்பபவனி’ காற்றாலைகள் முப்பதும் சேர்ந்து 103.5 மெகாவாற்று மின்னுற்பத்தி செய்ய வல்லவை. அம் மின்சாரத்தை இந்தக் காரில் ஏற்றலாமா என்று கேட்கிறான். நல்ல கேள்வி, விடைதான் அவனுக்கு உவப்பாயிராது. விலைக்கு வந்திருக்கும் இவ்வகைப் பிரியஸுக்கு மின்னேற்றும் செருகி கிடையாது. பற்றரியில் சேரும் மின்சாரம் முழுவதும் எங்கேனும் ஓரிடத்திற் பெற்றோலாக இருந்ததே. வீட்டிற் செருகி மின்னேற்றும் கலப்புக் கார் வேறோர் இனம்; அதன் விலையும் வேறு.

இனித் தரகரின் புகழுரைக்கு வருவோம். அவர் பொய் சொல்லவில்லை. கொழும்பை மனத்தில் வைத்துச் சொன்னார். காலி வீதியில் காலை எட்டு மணிக்குச் சென்று பார்த்தவர்களுக்கு அது விளங்கும். பத்து அடி ஊர்தல், நிற்றல், மீண்டும் ஊர்தல். நிற்கும்போது எஞ்சின் அணைந்துவிடுகிறது. ஊரும்போது பெரும்பாலும் மின்மோட்டாரே இழுக்கிறது. ஒவ்வொரு தடைக்கும் சிறிது மின்சாரம் திரும்பக் கிடைக்கிறது. கொண்டச்சியிலிருந்து சிலாவத்துறை, அரிப்பு, வங்காலை வழியாக மன்னாருக்குச் செல்லும் பாதையின் இயல்பு அதுவன்று. ஏறத்தாழ 40 கிலோமீற்றர், முழுவதும் சமதரை. ஆடுமாடு குறுக்கிட்டாலொழிய, மன்னார் நகரத்துக் கழுதைகள் நடுத்தெருவில் நின்று சிந்தித்தாலொழிய, பிறேக்கிற் கால்வைக்கும் தேவை அரிது. பிடிக்காத பிறேக்கிலிருந்து மின்சாரம் எங்ஙனம் வரும்?

இதனால் கடற்கரைப் பாதையிற் சிக்கனமே இல்லை என்று கொள்ளலாகாது. 1880களில் ஜேம்ஸ் அற்கின்சன் என்ற ஆங்கிலேயர் வகுத்த முறையைத் தழுவி, விரிவை நீட்டியும் அமுக்கத்தைக் குறைத்தும் பிரியஸின் எஞ்சின் அமைக்கப்பட்டிருக்கிறது. அது சொட்டுக்குச் சொட்டு வேலை வாங்கும். ஒரே சீராக ஓட்டினால் லீற்றருக்கு 20 கிலோமீற்றர் எதிர்பார்க்கலாம். ஏறத்தாழ அதே பருமனான சாதாரணக் கார் 13 கொடுக்கும் என்று வைத்துக்கொள்வோம்.

2022 இல் நாம் பட்ட பாட்டை எவரும் மறக்கவில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல் ஜூன் முடிவில் 470 ரூபாவாயிற்று. பின்னர் கியூ.ஆர். அட்டை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள். அந்த நாட்களில் ஹைபிரிட் வைத்திருந்தவரைப் பார்த்துப் பெருமூச்சு விடாதவர் இல்லை. மேலும், 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதிக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் கதவு திறந்தது. இவ்விரண்டும் சேர்ந்து பழைய ஹைபிரிட் கார்களின் விலையை உயர்த்திவிட்டன. ஆகவே, தரகர் கேட்கும் விலையில் ஒரு பகுதி காருக்கு. மற்றொரு பகுதி நம் பழைய அச்சத்துக்கு.

சகோதரியின் கணக்கைப் பார்ப்போம். ஆஸ்பத்திரிக்கு மாதம் 160 கிலோமீற்றர். முருங்கன், மதவாச்சி, அநுராதபுரம் சுற்றிப் புத்தளம் சென்று மீள 400 கிலோமீற்றர் என்றால், மாதத்துக்கு 200. கடை, பள்ளிக்கூடம் என்று இன்னும் 40. ஆக மாதம் 400 கிலோமீற்றர். ஹைபிரிட் காருக்கு 20 லீற்றர் வேண்டும்; சாதாரணக் காருக்கு 31 லீற்றர் அளவில் வேண்டும். மிச்சம் 11 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்று வைத்தால், மாதம் 3,300 ரூபா.

மறுபக்கத்தில் நிற்பது பற்றரி. சாதாரணக் காரில் உள்ளது போன்ற 12 வோல்ற்றுப் பற்றரியை நாம் குறிக்கவில்லை. அதுவும் இக்காரில் உண்டு. பின் இருக்கைக்கு அப்பால் இருக்கும் பெரிய பற்றரியையே குறிக்கிறோம். 28 கட்டுகள், கட்டுக்கு 6 கலங்கள், ஆக 168 நிக்கல்–உலோக ஐதரைட்டுக் கலங்கள் ஒரே சங்கிலியாகக் கோக்கப்பட்டு, 201.6 வோல்ற்றுத் தருகின்றன. சங்கிலியில் ஒன்று தளர்ந்தாலும் முழுவதும் தளர்ந்ததே. மாற்றுவதற்குச் சில இலட்சம் ரூபா ஆகும். 3 இலட்சம் என்றே கொள்வோம். மாதம் 3,300 ரூபா மிச்சத்தில் 3 இலட்சத்தைச் சேர்க்க ஏழரை ஆண்டுக்கு மேல் வேண்டும். அதற்குள் காருக்கு வயது இருபதைத் தாண்டிவிடும். பற்றரியோ மைல்கணக்கை மட்டும் பார்த்து மூப்படைவதில்லை. ஆண்டுக்கணக்காலும் வெப்பத்தாலும் மூப்படைகிறது. குறைவாக ஓடிய கார் என்பதால் அது இளமையாயிருக்கும் என்று எண்ணுவதற்கில்லை. நாட்கணக்கில் அசையாது நிற்பதும் அதற்கு ஆகாது.

எனவே நம் கருத்து: உங்கள் குடும்பத்தின் ஓட்டத்துக்கு இந்தக் கார் வேண்டாம். எந்தக் கராஜிலும் திருத்தக்கூடிய, சிறிய, சாதாரணப் பெற்றோல் கார் ஒன்றைப் பாருங்கள். நகை அடகுக்குப் போகாமலே அது கிடைக்கவும் கூடும். நோயாளியான உம்மா பின் இருக்கையில் இருக்க, அந்திவேளையில், அரிப்புக்கும் வங்காலைக்கும் இடையில், எச்சரிக்கை விளக்குகள் யாவும் எரிந்து கார் மீண்டும் புறப்பட மறுத்தால், மிச்சம்பிடித்த 11 லீற்றர் அங்கே உதவாது.

நாள்தோறும் மன்னாருக்குச் சென்றுவரும் ஆசிரியர்களும் உத்தியோகத்தர்களும் முசலிப் பக்கத்தில் உளர். அவர்கள் கணக்கு வேறு. நாளுக்கு 80 கிலோமீற்றராக 22 நாள் சென்றால் மாதம் 1,760 கிலோமீற்றர். மிச்சம் 47 லீற்றர். பணமாக 14,000 ரூபாவுக்கு மேல். புதிய பற்றரியின் விலை 21 மாதத்தில் தேறிவிடும். அவர்கள் தாராளமாக வாங்கலாம், பார்த்து வாங்கினால்.

எப்படிப் பார்ப்பது? கொண்டச்சிக் குடாவின் கரையோர மக்களுக்கு இதை விளக்குவது எளிது. முன்னாளில் இங்கே முத்துக்குளிப்பு நடந்தபோது சிப்பிகளைத் திறவாமலே ஆயிரக்கணக்கில் ஏலம் விட்டார்கள். 1905 இல் மரிச்சுக்கட்டி முகாமில் மட்டும் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. உள்ளே முத்து உண்டோ இல்லையோ, வாங்கியவன் பாடு. ஆயினும், குளிப்பை அறிவிக்குமுன் அரசாங்கத்தார் மாதிரிச் சிப்பிகளை எடுத்து, முத்துக்களை மதிப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். பழைய ஹைபிரிட் காரின் பற்றரியும் திறவாத சிப்பிதான். அதற்கு மாதிரி பார்க்கும் கருவி ‘ஸ்கேனர்’. 28 கட்டுகளையும் இரண்டிரண்டாகச் சேர்த்து 14 தொகுதிகளாக அது வோல்ற்றளவைக் காட்டும். கார் நிற்கும்போது எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். அழுத்தி ஓட்டும்போது ஒரு தொகுதி மட்டும் ஏனையவற்றைவிட வெகுவாகத் தாழ்ந்தால், அங்கே நோய் இருக்கிறது. ஸ்கேனர் பிடிக்க விடமாட்டேன் என்னும் விற்பனையாளரிடம் தேநீர் மட்டும் குடித்துவிட்டு எழுந்து வாருங்கள்.

‘பற்றரி சென்ற ஆண்டு மாற்றியது’ என்றால் பற்றுச்சீட்டைக் கேளுங்கள். முழுவதும் மாற்றினார்களா, செத்த கட்டை மட்டும் எடுத்துவிட்டு வேறொரு பழைய கட்டைச் செருகினார்களா என்பதையும் கேளுங்கள். பின்னது நைந்த வேட்டிக்கு ஒட்டுப் போட்ட கதை. ஒட்டுக்கு அருகிலேயே அடுத்த கிழிசல் வரும். இன்னொன்று: அதிகாலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே சென்று, முதன்முதல் கிளப்பும் ஓசையைக் கேட்கவேண்டும். கிளம்பியதும் உலுக்கி நடுங்கினால், எஞ்சினுக்குள் குளிர்நீர் கசிகிறதோ என்று ஐயுற இடமுண்டு. அந்த வயதுப் பிரியஸ்களில் இக்குறை கண்டவர் பலர். நீங்கள் போகுமுன்பே விற்பவர் எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால், வேறொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள்.

வாங்கியபின் இப்பகுதியில் முதல் எதிரி மணல். பின் இருக்கையின் ஓரத்திற் சிறிய காற்றுவாயில் ஒன்று உண்டு; பற்றரியைக் குளிர்விக்கும் விசிறி அதன்வழியே காற்றை இழுக்கிறது. பிள்ளைகளின் புத்தகப் பை, விரித்த துவாய், மீன்பெட்டி எதுவும் அதனை மூடலாகாது. கடற்கரை மணலும் செம்மண் தூசியும் விசிறியிற் படிந்து இறுகுவதால், ஆண்டுக்கொருமுறையேனும் கழற்றித் துப்புரவு செய்யவேண்டும். காரை வேம்பு, பூவரசு நிழலில் நிறுத்துவது வண்ணத்தைக் காப்பதற்கு மட்டுமன்று.

பெற்றோல் தீர்ந்தாலும் பற்றரியில் ஓடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். ஓரிரு கிலோமீற்றர் ஓடும். அத்தோடு பற்றரி வற்றிவிடும். எஞ்சினைச் சுழற்றிக் கிளப்புவதும் அதே பற்றரியாகையால், பின்னர் பெற்றோல் ஊற்றினாலும் பயனிராது. ‘ரெடி’ விளக்கு எரிகின்ற காரை, ஓசையில்லை என்று நம்பிப் பூட்டிய கொட்டகைக்குள் விட்டுப் போகவும் கூடாது. எஞ்சின் தானாகவே கிளம்பும். காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு வீட்டுக்குள் நிரம்பும். ஒழுங்கையில் ஊரும்போது இதன் வரவு முதியோருக்கும் சிறுவர்க்கும் கேட்பதில்லை என்பதையும் ஓட்டுபவர் நினைவிற் கொள்ளவேண்டும்.

நம் ஊர்களின் நல்ல பழக்கம் ஒன்றும் இக்காருக்கு ஒவ்வாது. தெருவில் ஒரு வண்டி நின்றுவிட்டால், வயலிலிருந்து உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்து கயிற்றைக் கட்டி இழுத்துச் செல்ல நாலுபேர் ஓடிவருவார்கள். அவர்களுக்கு நன்றி கூறித் தடுத்துவிடவேண்டும். பிரியஸின் முன்சக்கரங்கள் சுழன்றால் உள்ளே மோட்டாரும் சுழலும். கார் அணைந்திருந்தாலும் மின்சாரம் பிறந்து கேடு விளைக்கக்கூடும். முன்சக்கரங்களை நிலத்திலிருந்து தூக்கியோ, முழுக் காரையும் லொறியில் ஏற்றியோதான் கொண்டுசெல்லலாம். தள்ளிக் கிளப்பவும் இயலாது. வெறுமனே 12 வோல்ற்றுப் பற்றரி இறங்கியிருந்தால் மட்டும், முன்மூடிக்கு அடியில் அதற்கென்றுள்ள முனையில் வேறொரு காரிலிருந்து கம்பி கொடுத்து உயிர்ப்பிக்கலாம்.

காரைப் பார்வையிடச் சென்றபோது உள்ளிருந்து ஒரு பெண்குரல் ஜப்பானிய மொழியில் ஏதோ கூறியதாகவும், அது பழுதின் அறிகுறியோ என்றும் சகோதரி கேட்டிருக்கிறார். கேட்காமற் சொல்ல இயலாதெனினும், பெரும்பாலும் அது இதுவாயிருக்கும். ஜப்பானின் நெடுஞ்சாலைகளிற் சுங்கம் கட்டுவதற்கென்று காருக்குள் அட்டை செருகும் சிறு கருவியொன்று பொருத்துவது வழக்கம். அந்த அட்டை செருகப்படவில்லை என்று, கார் கிளம்பும்போதெல்லாம் அம்மணி நினைவூட்டுகிறார். கம்பியைக் கழற்றிவிட்டால் பேச்சு நின்றுவிடும். காருக்கு ஒன்றும் ஆகாது.